கட்டைவிரல் அமுங்கும் அளவு

அக்டோபர் 19, வெள்ளி

பெரிய மனிதர்கள் நாட்குறிப்பு எழுதுவார்கள். அத்தானுக்கு எஸ்டேட்டில் கொடுத்த டைரி ஜனவரி முதல் வெள்ளையாகவே கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தை நான் எட்டாம் வகுப்போடு விட்டேன் என்று ஊரில் சொல்வார்கள். எனக்குச் சொல்லித்தர அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் உண்மை.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் புதன்கிழமை பேச்சியக்கா வீட்டுக்கு ஏறிவந்தேன். வால்பாறைக்கும் மேலே மூங்கிலாறு எஸ்டேட். நான் வந்த பஸ் கடைசி வளைவைத் தாண்டியதும் பின்னால் மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது. மலை முனகும் சத்தம் எனக்கு முன்கூட்டியே கேட்டதால் டிரைவரை விரட்டினேன், அதனால் ஒரு பஸ் ஜனம் பிழைத்தது. சரிவு விழுந்தது மறுநாள் விடியலில் என்று பேச்சியக்கா சொல்கிறாள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு என்ன தெரியும்.

வீட்டில் மூன்று பேர். அக்கா. அவள் கணவர் உலகநாதன் அத்தான், தேயிலை ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகள் செண்பகம். அவள் வீட்டுக்காரர் வேலாயுதம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

செண்பகத்துக்கு வயிற்றில் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்தபடியே இருக்கிறதாம். ஆபரேஷன்தான், பொள்ளாச்சியில்தான், வலி வருவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். எஸ்டேட் ஆம்புலன்ஸ் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. ரோடு திறந்தால் அத்தானுடைய பழைய டீசல் அம்பாசிடர்தான் கதி.

“வண்டிய ஒரு பார்வை பாத்து வைங்க மாப்ள. மஸ்கட்ல பாத்த வேலதான” என்றார் அத்தான்.

மஸ்கட்டில் ஒரு ஷேக்குடைய வண்டிகள் மொத்தமும் என் கையில்தான் இருந்தன. இந்தச் சொரிமுத்து தொட்டால்தான் ஷேக்கு ஏறுவார். இதை நான் இந்த வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்றும் சொன்னேன்.

அக்டோபர் 20, சனி

ஆயுத பூஜை. வண்டிப் பூஜையை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

இந்த மலையில் ஒரு சங்கடம். பனிமூட்டத்தில் சந்தனம் ஒட்டுவதில்லை, ஒழுகிவிடுகிறது. அத்தான் வருடாவருடம் பொட்டு வைப்பதும் அது கரைவதுமாக இருந்திருக்கிறார். நான் சந்தனத்தை நல்லெண்ணெயில் குழைத்தேன். இது யாருக்கும் தோன்றாத யோசனை. மழையில் நனைந்தும் பானெட்டில் வைத்த பொட்டு அசையவில்லை. ஸ்டீயரிங், நாலு சக்கரம், விளக்கு எல்லாவற்றுக்கும் வைத்தேன்.

பிறகு பானெட்டைத் திறந்தேன். ஜனங்கள் வெளியே பளபளப்பாகத் தெரிவதற்குப் பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே நின்று பாடுபடுகிறவனைக் கவனிப்பதில்லை. எது சுற்றுகிறதோ அதற்கல்லவா பூஜை. ஃபேனுக்கு வைத்தேன். அடியில் இருக்கும் பெரிய சக்கரம், ஃபேன் சக்கரம், டைனமோ சக்கரம் மூன்றுக்கும் தாராளமாக வைத்தேன். மூன்றையும் இழுத்துச் சுற்றும் பெல்ட்டுக்கு உள்ளும் புறமும் பட்டையாகவே அடித்தேன்.

உள்ளே எதற்கு என்று அத்தான் கேட்டார். செண்பகம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரேடியேட்டருக்குத் திருநீறு வைக்கவில்லையா மாமா என்று கேட்டுச் சிரித்தாள். அதற்கும் வைத்தேன்.

அக்டோபர் 21, ஞாயிறு

விஜயதசமி. இன்று வண்டியைக் கொஞ்ச தூரமாவது ஓட்டுவது வழக்கம். அத்தான் சாவியைத் திருகியதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள். யானைக்குட்டியைக் கிள்ளியதுபோல ஒரு கீச்சு. பக்கத்துத் தொழிலாளர் லயத்து நாய்கள் எல்லாம் குரைத்தன. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. டைனமோ சுற்றவில்லை, பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை என்று அர்த்தம். ஃபேனும் சோம்பேறித்தனமாகச் சுற்றியது.

நான் ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். பெல்ட் கிழம் ஆகிவிட்டது. நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது என்று அத்தான் இழுத்தார். நோய் என்ன முன்கூட்டிச் சீட்டு எழுதிவிட்டா வரும் என்று கேட்டேன்.

பெல்ட்டைக் கழற்றினேன். டைனமோவின் நட்டுகளைத் தளர்த்தி அதை எஞ்சின் பக்கம் சாய்த்தால் பெல்ட் லூசாகிக் கையோடு வரும். முன்பு இந்த வண்டியை ஓட்டிய ராயப்பன் அப்படித்தான் செய்வான் என்று அத்தான் சொல்வதற்கும் நான் செய்வதற்கும் சரியாக இருந்தது. டிக்கியில் ஒரு புது பெல்ட் இருந்தது. இனிமேல் இது எதற்கு என்று பழையதைத் துவைக்கிற கல்லில் வைத்து அரிவாளால் மூன்று துண்டாக வெட்டிக் காட்டினேன். ரப்பரின் உள்ளே பாருங்கள், உயிரே இல்லை என்றேன்.

உள்ளே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டிய பிறகு அதைப் பேசி என்ன ஆகப்போகிறது.

புதியதை மாட்டினேன். கீச்சு.

அக்டோபர் 22, திங்கள்

கீச்சு என்றால் பெல்ட் வழுக்குகிறது. வழுக்கினால் இறுக்க வேண்டும். உலகம் முழுவதும் இதுதான் விதி. டைனமோவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கடப்பாரையைக் கொடுத்து வெளியே நெம்பி, அப்படியே நட்டை முறுக்கினேன். பெல்ட்டைச் சுண்டினால் தம்பூரா மாதிரி பேசியது.

ராயப்பன் பெல்ட்டை இரண்டு சக்கரத்துக்கு நடுவே கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பான், அரை அங்குலம் அமுங்க வேண்டும் என்பான் என்றார் அத்தான். அதெல்லாம் மாட்டு வண்டிக் காலத்துக் கணக்கு என்று சொன்னேன். மஸ்கட்டில் நாங்கள் விரலை வைப்பதில்லை, காதை வைப்போம்.

ஸ்டார்ட் செய்ததும் கீச்சு குறைந்தது. நான் அத்தானைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபேனுக்குப் பின்னாலிருந்து உர்ரென்று ஒரு சத்தம். எஞ்சின் சந்தோஷத்தில் உறுமுகிறது என்றேன். தண்ணீர் பம்பு பேரிங் அழுகிறதோ என்றார் அத்தான். அதற்குள் கீச்சு திரும்பி வந்துவிட்டது. சூட்டு முள் சிவப்புக்குப் போய், ரேடியேட்டர் மூடி வழியாக ஆவி பறந்தது. திருநீறு கரைந்து ஓடியது.

இன்னும் இறுக்கினேன். பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிய ஆரம்பித்திருக்கிறது. எல்லாப் புது பெல்ட்டுக்கும் கொஞ்சம் நூல் பிரியும்.

இந்த வீட்டில் இருப்பது ஒரே பெல்ட். ரோடு திறக்காமல் இன்னொன்று மேலே வராது. செண்பகம் இன்று என்னிடம் மஸ்கட் கதை கேட்கவில்லை.

அக்டோபர் 23, செவ்வாய்

மழை.

காலையில் சரிவு எந்த நிலையில் இருக்கிறது என்று மேற்பார்வை பார்க்கப் போனேன். பையையும் எடுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் வெளியே போகும்போது மாற்றுத்துணி இருப்பது நல்லது.

செக்போஸ்ட்டில் வாட்சர் மறித்தார். சரிவைத் தாண்டி நடந்தே இறங்க ஒற்றையடிப் பாதை இருக்கிறதாமே என்று பொதுவாக விசாரித்தேன். பாதை இருக்கிறது, பாதையில் குட்டியோடு யானையும் இருக்கிறது, எதைக் கேட்கிறீர்கள் என்றார். எனக்கு யானை பெரிய விஷயமில்லை. ஆனால் குட்டி இருக்கும்போது அதைத் தொந்தரவு செய்வது பாவம் என்று திரும்பிவிட்டேன். முழங்கால் வரை அட்டை.

அக்கா வாசலில் நின்றாள். பையைப் பார்த்தாள். உப்பை எடுத்துவந்து என் காலில் இருந்த அட்டைகளை உதிர்த்துவிட்டாள். பிறகு சோறு போட்டாள். இரண்டு தரம் ரசம் ஊற்றினாள்.

திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 24, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

அத்தான் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். பெல்ட்டைத் திருப்பிப் போட்டால் பிரிந்த நூல் உள்பக்கம் போய்விடும் என்று எனக்கு ஒரு யோசனை. கழற்றித் திருப்பினேன். மறுபடி மாட்டும்போது டைனமோவை முதலிலேயே வெளியே தள்ளி இறுக்கிவிட்டதால் பெல்ட் ஃபேன் சக்கரத்தில் ஏற மறுத்தது. சைக்கிள் செயினை மிதித்து ஏற்றுகிற மாதிரி, பெல்ட்டின் ஓரத்தைச் சக்கரத்தில் கவ்வவைத்து ஃபேனைக் கையால் சுற்றினேன். ஏறிவிட்டது. கூடவே என் வலதுகை இரண்டு விரல்களும் ஏறிவிட்டன.

பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல்கள். தம்பூரா மாதிரி இறுகிய பெல்ட். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நட்டைத் தளர்த்தினால் போதும், ஆனால் நட்டு டைனமோவுக்கு அந்தப் பக்கம். இடதுகை எட்டவில்லை.

நான் கூப்பிடவில்லை. அமைதியாக நின்று எஞ்சினைப் பற்றிச் சிந்தித்தேன். தூறல் விழுந்தது. பால்காரர் போனார், தலையசைத்தேன். அக்கா குடத்தோடு வந்தாள்.

“என்னல அப்பிடியே குனிஞ்சு நிக்க?”

“டென்ஷன் பாக்கேன்க்கா.”

அக்கா போய்விட்டாள். விரல் நுனி முதலில் சிவப்பாக இருந்தது, பிறகு நாவல்பழ நிறம். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது டீசல் வாடையால்.

செண்பகம்தான் வந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, வயிறு மட்கார்டில் முட்ட, அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள்.

“எந்த நட்டு மாமா?”

நான் அவளை உள்ளே போகச் சொன்னேன். அவள் போகவில்லை. எந்த நட்டு என்று மறுபடியும் கேட்டாள். மேலே, வளைந்த பட்டையில், நீளத் துளையில் இருக்கிறதே அது என்றேன். கீழே இருப்பதையும் கொஞ்சம் விடு, இல்லாவிட்டால் சாயாது என்றேன். அவள் மூச்சு வாங்கியது. ஸ்பேனர் இரண்டு தரம் வழுக்கியது. பிறகு டைனமோ சாய்ந்தது, பெல்ட் தொய்ந்தது, விரல்கள் வெளியே வந்தன.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பம்பரில் சாய்ந்து நின்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க மாமா. ஒண்ணுமில்ல. ஆனா நான் இந்த வண்டியிலதான் கீழ போவணும்.”

இதற்கு நான் தகுந்த பதில் சொன்னேன். என்ன பதில் என்று நினைவில்லை.

துணி கொண்டுவந்து என் விரல்களைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது நின்றாள். என் கையைத் தூக்கி முகர்ந்தாள்.

“என்ன மாமா, கை எள்ளுருண்ட மாதிரி மணக்கு?”

முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய். அதற்கு மேலே சந்தனம். ஃபேன் சக்கரத்தின் பள்ளத்தில் விரலை விட்டேன். வழுக்கியது. பெரிய சக்கரத்தில், டைனமோ சக்கரத்தில், எல்லாவற்றிலும் மஞ்சளாக, சூட்டில் வெந்து மைபோல அப்பிக் கிடந்தது. நான் எத்தனை இறுக்கினாலும் பெல்ட் எதைப் பிடித்துக்கொண்டு சுற்றும்.

இது எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான் என்று செண்பகத்திடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“மஸ்கட்லருந்து ஒரு போட்டோ அனுப்பிச்சீங்கள்ல. வெள்ள வண்டி பக்கத்துல நிப்பீங்க, கால் பக்கத்துல பக்கெட் இருக்கும். அந்த வண்டி கண்ணாடி மாதிரி இருந்துச்சு மாமா. சின்னப் பிள்ளைல அதுல என் மூஞ்சி தெரியுதான்னு பாப்பேன். இதயும் அப்பிடிக் கழுவிருங்க.”

அந்தப் பக்கெட் யாருடையது என்று எனக்குத் தெரியாது. போட்டோ பிடித்தவன் வைத்திருப்பான்.

அக்டோபர் 25, வியாழன்

கழுவினேன்.

இதை அத்தான் கையில் விட்டிருந்தால் மண்ணெண்ணெயை மொத்தமாக ஊற்றியிருப்பார். இரும்புக்குத்தான் மண்ணெண்ணெய். ரப்பரில் அது பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும். பெல்ட்டைத் தனியாக எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் சோப்புத்தூள், பழைய பல்துலக்கும் பிரஷ். வெளிப்பக்கம் இல்லை, சக்கரத்தைத் தொடுகிற இரண்டு சாய்வும்தான் முக்கியம். மூன்று தண்ணீர் மாற்றினேன். கடைசித் தண்ணீரில் எண்ணெய்க் கண் மிதக்கக் கூடாது. மிதக்கவில்லை.

சக்கரங்களுக்கு மூங்கில் சிம்பில் துணியைச் சுற்றிப் பள்ளத்துக்குள் விட்டுச் சுரண்டினேன். முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்புத்தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், பிறகு உலர்ந்த துணி. ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் துடைத்தேன் என்று சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது. வெயில் காய்ந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், முதலாளி வந்து விரலை வைத்துப் பார்ப்பான், பிறகு முதலிலிருந்து கழுவ வேண்டும். காலையில் ஆபீஸ் திறப்பதற்குள் ஒரு வரிசை முடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போகும்.

இதை எல்லாம் எதற்கு எழுதுகிறேன். ஷேக்குக்குக் கீழே அப்படி வேலை செய்கிற ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

பெல்ட்டை அடுப்பு மேட்டில், நெருப்புக்குத் தள்ளி, கொடியில் காயவைத்திருக்கிறேன். அக்கா அதன் கீழே நின்று குழம்பு வைக்கிறாள்.

அக்டோபர் 26, வெள்ளி

நாளைக் காலையில் சின்ன வண்டிகளை மட்டும் கொஞ்ச நேரம் விடுவார்கள் என்று செக்போஸ்ட்டில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். மறுபடி மழை பிடித்தால் மூடிவிடுவார்கள்.

பெல்ட்டை மாட்டினோம். பூப்போல மாட்டினோம், டைனமோவை உள்ளே சாய்த்து வைத்துக்கொண்டு. அத்தான் கடப்பாரையை எடுத்தார், வேண்டாம் என்றேன். மண்வெட்டிப் பிடி போதும். என் வலதுகை கட்டுப் போட்டிருந்ததால் இடதுகையால் நட்டைப் பிடித்தேன். அத்தான் பிடியை மெல்ல நெம்பினார்.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க ஆள் வேண்டும். அக்கா கையெல்லாம் சட்டிக் கரி. செண்பகம் அமுக்கினாள்.

“ரொம்ப அமுங்குது.”

அத்தான் நெம்பினார்.

“இப்ப அமுங்கவே இல்ல. கொஞ்சம் விடுங்கப்பா.”

விட்டார்.

“நிறுத்துங்க. இதான்.”

இடதுகையால் இத்தனை பலமாக நான் எதையும் முறுக்கியதில்லை. ஸ்டார்ட் செய்தோம். சிவப்பு விளக்கு அணைந்தது. கீச்சு இல்லை, உறுமலும் இல்லை. பெல்ட் போட்டிருப்பதே தெரியவில்லை. அத்தான் எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டுச் சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் பாதியில் நின்றது.

ஆனாலும் ஓரத்தில் நூல் பிரிந்த பெல்ட்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அத்தானிடம் சொன்னேன். பார்த்தேன் மாப்ள என்றார்.

அக்டோபர் 27, சனி

செண்பகத்துக்கு விடியும்போதே இடுப்பு வலி. ரோடு திறப்பதற்கு முன்பே செக்போஸ்ட்டில் போய் நின்றுவிட்டோம்.

முதலில் ஏற்றம். நான் முன்சீட்டில் உட்கார்ந்து சூட்டு முள்ளைப் பிடித்துக்கொண்டே வந்தேன், கையால் இல்லை, கண்ணால். சரிவு விழுந்த இடத்தில் ஒரு வண்டி அகலத்துக்குத்தான் மண்ணை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் அறுத்துப்போட்ட மாதிரி மலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. முன்னால் ஒரு ஜீப் சேற்றில் புதைந்துவிட்டது. எங்களால் திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. எஞ்சினை அணைக்கவா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். நின்ற இடத்தில் ஓடினால் ஃபேன்தான் காப்பாற்ற வேண்டும், ஃபேனைப் பெல்ட்தான் காப்பாற்ற வேண்டும்.

செண்பகம் பின்சீட்டில் அக்கா மடியில் கிடந்து பல்லைக் கடித்தாள். ஏதாவது சொல்லுங்க மாமா என்றாள். மஸ்கட் கதை ஒன்றை ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன். எனக்கு அந்த உர்ரென்ற சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. எல்லாரும் சேர்ந்து எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வரவில்லை. ஜீப்பைத் தள்ளினார்கள். வழி விட்டது.

அதற்குப் பிறகு நாற்பது வளைவு. எண்ணினேன் என்று சொல்ல ஆசைதான், நான் எண்ணவில்லை. ஆழியாறு அணை தெரிந்ததும் அத்தான் முதல்தடவையாக ஹாரன் அடித்தார். எதிரே யாரும் வரவில்லை.

அக்டோபர் 28, ஞாயிறு

பெண் குழந்தை. நேற்றுச் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் சுகம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்தாள், அக்கா அவள் வாயைப் பொத்தாத குறை.

என் விரல் கட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று அதே நர்ஸ் கேட்டாள். சிறுத்தை என்றேன். பயந்துபோய் ஊசி போட்டுவிட்டாள்.

மதியம் வேலாயுதம் வந்து சேர்ந்தார். பிள்ளையைப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்தார், கொஞ்சம் அழுதார். பிறகு ஜன்னல் வழியாகக் கீழே நிற்கும் அம்பாசிடரைப் பார்த்து, அந்த ஓட்டை வண்டி எப்படி மலை இறங்கியது, யார் சரிசெய்தது என்று கேட்டார்.

அத்தான் என்னைப் பார்த்தார். அக்கா சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள். செண்பகம் படுத்தபடியே சொன்னாள்.

“மாமாதான். நல்லாக் கழுவித் தொடச்சு மாட்டுனாங்க.”

மேலே ஏதாவது சேர்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சேர்க்கவில்லை. வேலாயுதம் மிச்சத்தைக் கேட்க என் பக்கம் திரும்பினார். மிச்சம் என்னிடம் தயாராக இருந்தது. குட்டி யானை இருந்தது, சரிகிற மலை இருந்தது, ஷேக்கு இருந்தார்.

“ஆமா மாப்ள,” என்றேன். “கழுவித் தொடச்சு மாட்டுனேன்.”